இரண்டு கையால் பேசுவது

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வரும் என்று நேற்று அள்ளி உள்ளே வைத்த வடகம் இன்று மறுபடி மாடிக்கு.

சைகைப் பாடம், நாள் 143. குக்கரை அடுப்பில் வைத்ததும் ஆரம்பம், மூன்றாவது விசிலில் முடிவு. கல்யாணமான இரண்டாம் வாரம் எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் ஐந்து வார்த்தை. செல்போனில் வீடியோ பார்த்துப் பழகி, சாயங்காலம் கு.விடம் காட்ட வேண்டும். தலையாட்டினால் ஒரு டிக். மூக்கைச் சுளித்தால் மறுநாளும் அதே தாள். காய்ச்சலில் இரண்டு நாள் போனது. மற்றபடி விடவில்லை.

கு. என்றால் குமரவேல், என் வீட்டுக்காரர். அத்தை எதிரில் பேரைச் சொல்லக் கூடாது. நோட்டிலாவது ஓர் எழுத்து இருக்கட்டும்.

இன்றைய ஐந்து: தாமதம், சந்தேகம், சொந்தக்காரர், பொறாமை, போதும்.

அவருக்குப் பிறவியிலிருந்து காது கேட்காது. எனக்குப் பிறவியிலிருந்து வாய் ஓயாது. இந்தப் பொருத்தத்தைச் சொல்லி என் சொந்தக்காரர்கள் மண்டபத்திலேயே சிரித்தார்கள். முதல் பத்து நாள் ஒரே பாயில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸப்பில் பேசினோம். இப்போது அவர் அலுவலகத்துக் கதையை ஆரம்பித்தால் முக்கால்வாசி புரிகிறது. மீதியை மூஞ்சியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

ஐந்தில் நான்குக்கு டிக். ‘சந்தேகம்’ மட்டும் நாளைக்கு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரை வண்டியில் இரண்டு பேரும். வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு அவர் அரசு அலுவலகத்துக்கு வெள்ளிமலை பஸ், நான் வேலைக்கு இ-சேவை மையம். தினம் இதுதான். வண்டி ஓட்டும்போது பேச முடியாது என்பது ஒன்றுதான் குறை. அரை மணி நேரம் வீண்.

கிளம்பும்போது ‘எங்கே போகிறீர்கள்’ என்று கையால் கேட்டுப் பழகினேன். வெளியே கிளம்புகிறவரை அப்படிக் கேட்டால் அத்தைக்குப் பொல்லாத கோபம் வரும். கையால் கேட்டால் சகுனத் தடை உண்டா என்று தெரியவில்லை. அத்தைக்குச் சைகை புரியாததால் தப்பித்தேன்.

மதியம் நாத்தனார் மாலா போன். சின்னப் பாப்பாவுக்கு 31ஆம் தேதி குலசாமி கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் மடி என்றால் கு.தான், ஒரே அண்ணன். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் பெரிய குழந்தைக்குக் குத்தியபோது அவரை ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள். ஆசாரி சொல்வது அவருக்குக் கேட்காதாம், குழந்தை அசைந்து காயம் பட்டுவிடுமாம். சித்தப்பா மகன் சங்கர் மடியில் வைத்துக் குத்தினார்கள். இவர் கையில் சீர்த்தட்டோடு கடைசி வரை நின்றாராம். இந்த முறை அண்ணன்தான் உட்கார வேண்டும், நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள் அண்ணி, என்றாள் மாலா.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். அத்தை பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார், அதனால் சுருக்கமாக. கு. கேட்டுக்கொண்டார், சந்தோஷப்படவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. ஆடிக் கடைசி வெள்ளி வேறு. கூழ், முருங்கைக்கீரை, கருவாடு இல்லை என்று கு. முகம் தொங்கியது.

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மதியம் அவருடைய காது கேளாதோர் பள்ளி ஆஸ்டல் சிநேகிதர் சேகரிடமிருந்து வீடியோ கால். விழுப்புரத்தில் தையல் கடை வைத்திருக்கிறார், அவருக்கும் காது கேட்காது. அவர்கள் பேசும் வேகத்தில் எனக்குப் பாதிதான் பிடிபடும், இருந்தாலும் பழக்கத்துக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். இன்று கு. என்னைப் பற்றி ஏதோ சொன்னார். சொல்லும்போது இடது கையை இடுப்புக்குப் பின்னால் மடக்கி, வலது கையை நெஞ்சுக்குக் கீழே சின்னதாக ஆட்டினார். சேகர் சிரித்தார். அதே சைகை மூன்று முறை வந்தது.

கால் முடிந்ததும் அது என்ன வார்த்தை என்று கேட்டேன்.

உன் பேர், என்றார்.

ஒவ்வொருவரையும் பார்த்ததும் கண்ணில் படுவதை வைத்து ஒரு சைகைப் பேர் வைத்துவிடுவார்கள். சேகருக்குப் புருவத் தழும்பு. எனக்கு ஒற்றைக் கை. வைகாசியிலிருந்து நான் அவர்களுக்கு ஒற்றைக் கைக்காரி.

புரியவில்லை என்றேன். அவர் நிதானமாக, எனக்கு ஒரு சொல்லும் தப்பாதபடி சொன்னார். (அவர் கையால் சொல்வது எழுதும்போது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் எனக்கு வருகிறது.) “நாம ரெண்டு பேரு மட்டும் இருந்தா ரெண்டு கை. அம்மா வந்தா ஒரு கை. பஸ் ஸ்டாண்டுல யாராவது பெரியவங்க நின்னா அதுவும் இல்ல. என் பேச்சு உனக்கு வெக்கம்.”

இல்லவே இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் கண்ணாடி முன்னால் போய் நின்று, அத்தை எதிரில் இருப்பதாக நினைத்துப் பேசிப் பார்த்தேன். இடது கை தானாகப் பின்னால் போனது. நான் அனுப்பவே இல்லை, அதுவாகப் போகிறது.

என் அம்மா அடுத்தவர் நிலத்தில் களை எடுக்கப் போனவர். நிலக்காரர் வாசலில் நிற்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் என் இடது கையையும் தட்டிப் பின்னால் தள்ளுவார். பெரியவர்கள் எதிரில் இடது கையை ஆட்டிப் பேசுவது மரியாதை இல்லை. இதையெல்லாம் கு.விடம் சொன்னேன், இரண்டு கையாலும், அழுதுகொண்டே. இது கற்றுக்கொடுத்த மரியாதைதானே தவிர வெட்கம் இல்லை என்றேன்.

“இது கை இல்ல. எனக்கு இதான் வாய். பாதி வாய மூடிக்கினு பேசனா யாருக்குப் புரியும்?”

அப்புறம் சொன்னது இன்னும் மோசம். காதுகுத்துக்குத் தான் மடி கொடுக்கப் போவதில்லை. எல்லாரும் கூடியிருக்கிற இடத்தில் நான் ஒற்றைக் கையில்தான் சொல்வேன், அவருக்குச் சரியாகப் புரியாது, பாப்பாவுக்குக் காயமாகும். சங்கரே உட்காரட்டும்.

 அவர் சொன்னது நியாயம்.

ஆகஸ்ட் 16, சனி

ஆறடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸப்பில்: ‘தேங்காய் இல்லை. வரும்போது வாங்கவும்.’

ஐந்து மாதம் பின்னால் போய்விட்டோம்.

குக்கர் மூன்று விசில் அடித்தது. தாள் கிழிக்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று முழுக்க யோசனை. புது வார்த்தை இப்போது வேண்டாம். பழைய தாள்களையே முதலிலிருந்து எடுக்க வேண்டும், இரண்டு கையால், அத்தை எதிரில். தெரியாத வார்த்தையால் வந்த கேடு இல்லை இது.

கவனித்தது: நைட்டி மேல் துண்டு போட்டிருந்தால் இடது கை அந்தத் துண்டு நுனியைப் பிடித்துக்கொள்கிறது. புடவை என்றால் முந்தானையை. பிடித்துக்கொள்ள எதுவும் இருக்கக் கூடாது. இன்றிலிருந்து வீட்டிலும் சுடிதார், துப்பட்டா இரண்டு தோளிலும் பின் குத்தி.

அத்தை அடுப்படிக்கு வந்தார். ஆரம்பித்தேன். இடது கை இடுப்பு வரை வந்து நின்றுகொண்டது. கூடப்பிறந்த கைதான், யாரோ ஒருவருடையது போல இருந்தது. மூன்றாவது விசிலுக்குள் உருப்படியாக வந்தது நான்கு வார்த்தை.

அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இன்னா செல்வி, கைய ஆட்டிக்கினே கீற? ஒடம்பு எதுனா பண்ணுதா?” என்றார்.

சொல்லிவிட்டேன். உங்கள் எதிரில் இடது கையை நீட்டுகிறேன், தப்பாக நினைக்காதீங்க, அவருக்குப் புரிய வேறு வழி இல்லைங்க அத்தை என்று. திட்டுவார் என்று நினைத்தேன். குச்சிக்கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டே இருந்தார். பிறகு, சின்ன வயதில் அவன் கையை ஆட்டினால் அடிப்பேன் என்றார். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால். வாயால் பேசுவான் என்று யாரோ சொன்னார்களாம், கையை ஆட்டவிட்டால் வாய் வராதாம்.

அவ்வளவுதான் சொன்னார். கிழங்கு நன்றாக வெந்தது. கு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், என்னிடம் கேட்காமல் அவரே போட்டுக்கொண்டு.

ஆகஸ்ட் 20, புதன்

சாயங்காலம் இடி, மழை, கரண்ட் கட்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பம்புசெட் சாவிக்காக வந்தார். கு. உள்ளே இருந்தார். சாவி எங்கே என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் தெரிந்தது, இடது கை பின்னால். கு. சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டார்.

மூன்று நாள் பழக்கம் முப்பது வருஷப் பழக்கத்தை என்ன செய்துவிடும். கோபம் யார் மேல் என்று தெரியாமல் பாத்திரத்தை எல்லாம் சத்தமாக வைத்தேன். அவருக்குக் கேட்காது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்து எனக்கே சிரிப்பு.

டிக் இல்லை. நாளைக்கும் இதே தாள்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

லீவு போட்டேன். அவர் அலுவலகத்தில் காதுகுத்துப் பத்திரிகை வைக்க வெள்ளிமலை. அவர் மடி கொடுக்கப்போவதில்லை, ஆனாலும் பத்திரிகை வைக்காமல் இருக்க முடியாது. மலையில் மேகம் தரையோடு. சாமை வெளிர்ப் பச்சை. தேன் அரை பாட்டில், பலாக்கொட்டை ஒரு பை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். எனக்குப் பஸ்ஸின் முன்பகுதியில் பெண்கள் பக்கம் இடம், அவருக்குக் கடைசி வரிசை. அவரோடு பேச வேண்டுமானால் நான் முழுக்கத் திரும்பி, பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேரையும் பார்த்தபடி பேச வேண்டும். பத்துப் பன்னிரண்டு பெரியவர்களாவது இருப்பார்கள். முதல் வளைவு வரை சும்மா இருந்தேன்.

இரண்டாவது வளைவில் திரும்பினேன். இரண்டு கையும் தலைக்கு மேலே. டிக்கெட் வாங்கியாச்சா என்று கேட்டேன்.

பஸ்ஸே பார்த்தது. கண்டக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கு. சட்டைப்பையிலிருந்து இரண்டு டிக்கெட்டையும் எடுத்து உயர்த்திக் காட்டினார். பிறகு வாங்கியாச்சு என்றார்.

அப்புறம் நிறுத்தவில்லை. ஜன்னலை மூடுங்கள், சாரல் அடிக்கிறது. பலாக்கொட்டை யாரிடம். உங்கள் தோளில் தூங்குகிறவர் யார். தெரியாது, ஆனால் குறட்டை விடுகிறார், தோளில் அதிர்கிறது என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலைக்காரப் பாட்டி என்ன சொன்னார் என்று கேட்டார், சொன்னேன், பாட்டி எழுந்து பின்னால் பார்த்துவிட்டு உட்கார்ந்து சிரித்தார். இந்தக் கூட்டத்தில் மற்றவர்கள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது, எங்களுக்கு மட்டும் சௌகரியம்.

அடிவாரம் நெருங்கும்போது கு. கேட்டார்: “அன்னிக்கும் இப்டியே சொல்லுவியா?”

சொல்லுவேன் என்றேன். இடது கை எங்கே போயிற்று என்று தேடவே இல்லை.

மடி கொடுக்க உட்காருகிறேன் என்றார். அப்பாடா. பஸ்ஸில் அழுதால் நன்றாக இருக்காது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வெயில். பிள்ளையார் சதுர்த்தி நேற்று முடிந்தது, கொழுக்கட்டை இன்னும் முடியவில்லை.

ஒரு வாரமாகத் தினம் ஒத்திகை. குக்கர் மேல் துண்டைச் சுற்றி, அதுதான் பாப்பா. கு. மடியில் குக்கர். நான் ஆசாரிக்குப் பின்னால் நிற்பது போல் நின்று: இடப்பக்கம் திருப்புங்க. இறுக்கிப் பிடிங்க. இப்போ. முடிஞ்சுது. மறுபக்கம். அத்தை ஆசாரியாக வந்தார், கையில் ஊதுவத்தி. குக்கருக்கு இதுவரை நாற்பது தடவையாவது காது குத்தியிருப்போம்.

என் பேரை மாற்றச் சொல்லிக் கேட்டேன். முடியாதாம். பேர் மாற்றுவது என்றால் மனு கொடுக்க வேண்டும், விளம்பரம் கொடுக்க வேண்டும், கெஜட்டில் வர வேண்டும். அரசு ஊழியரைக் கட்டிக்கொண்டது என் தப்பு.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் தூறல், எட்டு மணிக்கு மேல் நல்ல வெயில். மலையடிவாரம், குலசாமி கோயில்.

எடுத்துப் போனது: சீர்த்தட்டு ஒன்பது, பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை, தங்கத் தோடு, பால் புட்டி இரண்டு, குடை. மறந்தது: சந்தனம். எதிர்க் கடையில் கிடைத்தது.

மொட்டை சுமுகம். பாப்பா தூக்கக் கலக்கத்தில் இருந்தாள். ஆசாரி பெட்டியைத் திறந்ததும் பெரிய மாமா எழுந்து வந்தார். மாமனாரின் அண்ணன், அவர் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். “கொமாரு மடில ஒக்காரட்டும், அது அவன் உரிமை. தலைய புடிக்கறதுக்கு மட்டும் சங்கர் வரட்டும்,” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். சங்கர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்டே வந்தான்.

கு. என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

இடது கை பின்னால் இழுத்தது. இழுத்தது உண்மை, மறைத்து என்ன பயன். பெரிய மாமாவும் அத்தனை சொந்தக்காரர்களும் சுற்றி நின்றார்கள். இழுத்த கையை முன்னால் கொண்டுவந்தேன். பெரிய மாமா சொன்னதை அப்படியே, ஒரு சொல் குறையாமல், இரண்டு கையாலும் கு.விடம் சொன்னேன். அவர் பதில் சொன்னார். அதைப் பெரிய மாமாவிடம் வாயால் சொன்னேன்: “பெரிய மாமா, நானே புடிச்சிக்கறன்னு சொல்றாருங்க. ஆசாரி சொல்றத இவ சொல்லுவா, எனக்குப் புரியும்னு சொல்றாருங்க.”

பெரிய மாமா என்னையும் பார்த்தார், என் இரண்டு கையையும் பார்த்தார். சங்கரிடம் தள்ளி நில்லு என்றார்.

ஆசாரி நல்ல மனுஷர். நீ காட்டன பின்னாடிதான் குத்துவன்மா என்றார். இடப்பக்கம். இறுக்கி. இப்போ. பாப்பா வீறிட்டாள், கு. அசையவில்லை. முடிஞ்சுது. மறுபக்கம். இப்போ. முடிஞ்சுது. இரண்டு காதும் ஒரே சீராக, ஒரு சொட்டு ரத்தம்கூட அதிகமில்லை.

அப்புறம்தான் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாலா அழுதாள், சங்கர்தான் ஓடிப்போய் எனக்குச் சோடா வாங்கி வந்தான். அத்தை முதல் இலையைக் கு.வுக்குப் போட்டார்.

பாப்பா அழுதது கு.வுக்கு நெஞ்சில் இடித்ததாம். எப்போது நிறுத்தினாள் என்பதும் நெஞ்சிலேயே தெரிந்ததாம். வீட்டுக்கு வந்து அதையே நான்கு தடவை சொன்னார். நானும் நான்கு தடவையும் புதிதாகக் கேட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

இரண்டு தோளும் வலி. தைலம்.

காலையில் சண்டை. வண்டி ஸ்டாண்டு டோக்கனைத் தொலைத்தது நானா அவரா என்று. பஸ் ஸ்டாண்டிலேயே, ஆள் நடமாட்டத்தில், பத்து நிமிஷம். அவர் படு வேகம், நானும் விடவில்லை. வெள்ளிமலை பஸ் ஹாரன் அடித்ததும் அவர் ஓடி ஏறிக்கொண்டார்.

மையத்துக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்ட பிறகுதான் உறைத்தது. ஒரு வார்த்தையைக்கூட மறுபடி சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக ஒரு சண்டைக்குப் பிறகு நான் வேலை பார்த்ததில்லை.

டோக்கன் என் பையில்தான் இருந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

மேகமூட்டம். மக்காச்சோளத்துக்கு இன்னும் ஒரு மழை வேண்டும் என்று அத்தை.

சாயங்காலம் மூன்று பேரும் கூடத்தில். அத்தை மல்லாட்டை உரித்து நிலக்கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். கு. சட்டைகூட மாற்றாமல் வந்து எதிரில் உட்கார்ந்தார். அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும், நீ அப்படியே சொல்லு, மாற்றாதே என்றார்.

சரி என்றேன். ஏதோ நிலத்து விஷயம் என்று நினைத்தேன்.

அவர் கேட்டார். எனக்குத் தப்பாகப் புரிந்ததோ என்று நினைத்து, மறுபடி கேளுங்கள் என்றேன். அதையே கேட்டார். அத்தையிடம் சொன்னேன்.

“ஆறு வயசுல என்ன ஆஸ்டல்ல வுட்டுட்டுப் போனியே. நான் இன்னா தப்பு பண்ணன்?”

அத்தை கையில் இருந்த மல்லாட்டை கீழே விழுந்தது. என்னைப் பார்த்தார். “தப்பா? இன்னாமா கேக்கறான் இவன்? படிக்கத்தான வுட்டன். தப்பு பண்ணான்னு யாரு சொன்னது?”

யாரும் சொல்லவில்லை என்றார் கு. யாரும் எதுவுமே சொல்லவில்லை. கையை ஆட்டினால் அடிப்பாய், ஆட்டிக்கொண்டே இருந்தேன், அதனால் கொண்டுபோய் விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். நான் சொன்னேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அத்தை என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஆஸ்டல் கேட்டுக்கு வெளியே நின்றாராம். கடைசி பஸ் போய்விட்டதாம். “சனிக்கெழம வந்துருவன்யான்னு சொல்லணும். எப்டி சொல்றதுன்னு எனக்குத் தெரியல. தெரியாமலே வந்துட்டன்.” அதையும் சொன்னேன், இரண்டு கையாலும், சனிக்கிழமையை எழுத்து எழுத்தாக.

  கு. நகர்ந்து வந்து, என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தையின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். நான் ஒன்றும் பண்ணவில்லை, என்றார். கேட்டாரா சொன்னாரா என்று தெரியவில்லை. அத்தையிடம் அப்படியே சொன்னேன்.

“நீ ஒண்ணும் பண்ணலய்யா,” என்றார் அத்தை, அவர் முகத்தைப் பார்த்து.

அதை நான் கையால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.